வெள்ளை மேல் வெள்ளை

எண்களில் கை வைக்க யாருக்கும் தைரியம் கிடையாது. உற்பத்தி இவ்வளவு, கழிவு இவ்வளவு என்று எழுதியிருப்பதை மாற்றினால் நாளைக்கு யாராவது கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். வாசகங்களைத் திருத்தலாம் என்றால் இங்கிலீஷில் தப்பு வந்து மானம் போகும். மிச்சம் இருப்பது நிறம் ஒன்றுதான். அதனால் அந்தத் தொழிற்சாலையில் மேனேஜர் என்று பெயர் போட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் கூட்டங்களில் காட்டுகிற ஸ்லைடுகளைக் கம்ப்யூட்டரில் தயாரிக்கும் அம்சாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையை எட்டிப் பார்த்து, நிறத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

தயாரிப்புப் பிரிவுக்காரருக்குக் கருநீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டும். தரம் பார்க்கிறவருக்கு நீலத்தைக் கண்டால் தலைவலி, அவருக்கு இளம்பச்சை. கொள்முதல் பிரிவில் ஒருவர் எழுத்தையெல்லாம் சிவப்பாக்கச் சொல்வார், அச்செடுத்துக் கொடுத்தால் "ஏம்மா இவ்வளவு சிவப்பு?" என்று அவரே கேட்பார். காலையில் கருநீலம் வெளிர்நீலமாகும். மத்தியானம் அது சாம்பலாகும். சாயந்திரம் நாலரை மணிக்கு, "பழையபடியே இருக்கட்டும்மா, அதுதான் எடுப்பா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அம்சா இதற்கென்றே ஒவ்வொன்றையும் தனிப் பெயரில் சேமித்து வைத்திருப்பாள். நீலம் ஒன்று, நீலம் இரண்டு, கடைசி, கடைசியிலும் கடைசி. கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு இதைத்தான் அவள் ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்.

அவள் பிறந்தது செய்யூர்ப் பக்கம், வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில். பிளஸ் டூ முடித்துவிட்டு, செங்கல்பட்டில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தாள். அவள் பாஸ் செய்த சமயம் பார்த்து ஆபீசுகளில் டைப்ரைட்டரை மூலைக்குத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்க ஆரம்பித்தார்கள். அவள் ராசி அப்படி. மறுபடி ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தாள். சிங்கப்பெருமாள் கோயிலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற காசிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு, காயத்ரியைப் பெற்று, 1998இல் அந்தத் தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். கார்களுக்கு ரப்பர் பாகம் செய்கிற இடம். அவளுக்குக் கொடுத்த வேலை, வேலையாட்கள் விவகாரம் பார்க்கிற பர்சனல் பிரிவில் டைப் அடிப்பது. முதல் இரண்டு மூன்று வருஷம் கண்ணாடித் தாளில் அச்செடுத்து, விளக்குப் பெட்டிமேல் வைத்துச் சுவரில் காட்டினார்கள். அதில் கறுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது. யாருக்கும் அபிப்பிராயமும் கிடையாது. அந்த மூன்று வருஷம்தான் அவள் அங்கே நிம்மதியாக இருந்தாள் என்று சொல்லவேண்டும். பிறகு புரொஜெக்டர் வந்தது.

ஒப்பந்தம் என்றால் பதினோரு மாதம். பன்னிரண்டாவது மாதம் பத்து நாள் வீட்டில் உட்காரச் சொல்வார்கள். பிறகு கூப்பிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்கிறவள் மாதிரி கையெழுத்து வாங்குவார்கள். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தாள் என்று காகிதத்தில் எங்கும் வந்துவிடக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அப்படி அம்சா ஒன்பது முறை புதிதாகச் சேர்ந்திருந்தாள். தரை துடைக்கிற ஆராயி பதினாலு முறை.

ஆராயிக்கு ஐம்பத்துநாலு வயது. அஸ்திவாரம் தோண்டும்போதே கல் சுமக்க வந்தவள், கட்டடம் எழும்பியதும் அதிலேயே துடைப்பத்தோடு தங்கிவிட்டாள். இரண்டு முட்டியிலும் வலி. குனிந்து துடைக்க முடியாமல் உட்கார்ந்து நகர்ந்து துடைப்பாள். அம்சாவின் மேஜைக்குக் கீழே வரும்போது கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்துவிடுவாள்.

"இன்னா அம்சா, இன்னிக்கு இன்னா கலரு?"

"இன்னிக்கு பச்சைக்கா."

"நேத்தும் பச்சைதான இருந்துச்சு?"

"நேத்து வேற பச்சை."

"எல்லாம் ஒரே பச்சையாத்தான் கீது எனக்கு," என்று சொல்லிவிட்டு நகர்ந்து போவாள். அந்தக் கட்டடத்தில் நிறத்தைப் பற்றி உருப்படியாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான் என்று அம்சா நினைத்துக்கொள்வாள்.

2007இல் ஒரு பேச்சு அடிபட்டது. ஒப்பந்த ஆட்களில் சிலரை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள். நிரந்தரம் என்றால் கம்பெனி பஸ், சம்பளத்தோடு லீவு, குடும்பத்துக்கே மருத்துவ அட்டை, பத்து நாள் வீட்டில் உட்காருகிற கேவலம் இல்லை. பர்சனல் மேனேஜர் பரணிதரன் பட்டியல் தயாரித்தார். திருநெல்வேலிக்காரர், மோசமான மனிதர் இல்லை, மேலதிகாரி முன்னால் மட்டும் குரல் இறங்கிவிடும். மேலிடம் அனுமதித்தது பன்னிரண்டு பேரை. எத்தனை வருஷம் வேலை பார்த்தார்கள் என்று வரிசைப்படுத்தினால் பன்னிரண்டாவதாக நின்றது அம்சா. நூலிழையில் உள்ளே இருந்தாள்.

பட்டியலில் ஆராயி இல்லை. அவளுக்கு வயதுக்கான அத்தாட்சி எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் போனவளா என்ன, சான்றிதழ் வைத்துக்கொள்ள? அதனால் அவள் காகிதம் தனியாகக் கிடந்தது. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால்தான் தாலுகா ஆபீசுக்கு எட்டுத் தடவை நடந்து ஒரு கடிதம் வாங்கி வந்தாள். ஐம்பத்தைந்து முடிந்துவிட்டால் நிரந்தரம் ஆக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. கடிதத்தின்படி அவளுக்கு இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

பரணிதரன் கடிதத்தைப் பார்த்துவிட்டு யோசித்தார். "பதிமூணாவதா சேருங்க அம்சா. பன்னிரண்டுதான் அனுமதி. ஆனா பதினாலு வருஷம் உழைச்ச அம்மான்னு நான் தனியாச் சொல்லி ஒரு இடம் கூடுதலாக் கேக்குறேன். அந்தப் பேரை மட்டும் வேற கலர்ல போடுங்க. அந்த இடம் வந்ததும் நான் நின்னு பேசணும்."

கருநீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து. அதில் வேறு நிறம் என்றால் பளிச்சென்று வெள்ளைதான் நிற்கும். அம்சா அந்த ஒரு வரியை மட்டும் தேர்ந்தெடுத்து வெள்ளையாக்கினாள். பன்னிரண்டு மஞ்சள் வரிகளுக்குக் கீழே ஆராயியின் பெயர் தனியாகத் தெரிந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தாள். எழுத்துத் தெரியாத ஆராயி, "வெள்ளையா கீதே, அதா நானு?" என்று கேட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

கூட்டம் மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில். தொழிற்சாலையில் நாற்பது பேர் உட்காருகிற அறை இருக்கிறது, ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை கடற்காற்று பட்டால்தான் மேனேஜர்களுக்கு யோசனை வரும். அம்சாவையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். கடைசி நிமிஷத்தில் யாருக்காவது நிறம் மாற்ற வேண்டியிருக்குமே.

அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. திரைச்சீலை அழகுக்குத் தொங்கியது, வெளிச்சத்தை மறைக்க அல்ல. பதினோரு மணி வெயில் மணலிலும் தண்ணீரிலும் பட்டு உள்ளே வந்து கொட்டியது. முதல் ஸ்லைடு போட்டதும் சுவரில் சாம்பல் பூத்த ஒரு சதுரம்தான் தெரிந்தது. கருநீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. இருட்டு அறைக்குத்தான் இருட்டுப் பின்னணி சரிப்படும், வெளிச்சமான இடத்தில் வெள்ளையில் கறுப்பு எழுத்துதான் நிற்கும் என்பது அம்சாவுக்கு ஆறு வருஷமாகத் தெரியும். அவளை யாரும் கேட்டதில்லை.

ஆலைத் தலைவர் ஹரிகிருஷ்ணன் நெற்றியைச் சுருக்கினார். "ஒண்ணும் தெரியலியே. வெள்ளையா மாத்தச் சொல்லுங்க."

அம்சா அறையின் பின்பக்கம், லேப்டாப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இருபது பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நிறத் தொகுப்பைத் திறந்து, வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து என்பதை எடுத்து, எல்லா ஸ்லைடுக்கும் என்று அமுக்கினாள். அரை நிமிஷ வேலை. மஞ்சள் எழுத்தெல்லாம் தானே கறுப்பாக மாறிக்கொண்டது. "ஆங், இப்ப பாரு, பளிச்சுன்னு இருக்கு," என்றார் தரம் பார்க்கிறவர்.

பர்சனல் பிரிவின் முறை வரும்போது ஒரு மணி. அடுத்த அறையிலிருந்து பொரித்த மீன் வாசனை வந்துகொண்டிருந்தது. பரணிதரன் நாலு ஸ்லைடுகளை வேகமாகத் தள்ளிவிட்டுப் பெயர்ப் பட்டியலுக்கு வந்தார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கறுப்பில் வரிசையாக நின்றன. பன்னிரண்டாவது அம்சா. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

அம்சாவுக்கு உடனே புரிந்தது. தொகுப்பிலிருந்து வந்த எழுத்துகள் மட்டும்தான் தானே நிறம் மாறும். கையால் தனியாக வெள்ளையாக்கியது வெள்ளையாகவேதான் இருக்கும். முன்னால் நீலத்தில் வெள்ளை. இப்போது வெள்ளையில் வெள்ளை. வரிசை எண்கூட எழுத்தோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

ஹரிகிருஷ்ணன் மனசுக்குள் எண்ணினார். "பன்னிரண்டு. சொன்னபடி இருக்கீங்க. எங்க அதிகமாக் கேப்பீங்களோன்னு நினைச்சேன். சரி, ஓகே. சாப்பிடப் போலாமா?"

பரணிதரன் திரையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

அம்சாவும்தான் சொல்லவில்லை. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஓகே என்ற வார்த்தை காதில் விழுந்த அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது சந்தோஷம். ஒன்பது வருஷம் கழித்து, தன் பெயர் கறுப்பில் நிற்பதைப் பார்த்த சந்தோஷம். ஆராயி அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தாள்.

திரும்பும்போது வேனில் பரணிதரன் அவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். வேன் திருக்கழுக்குன்றம் தாண்டியது. பிறகு திரும்பாமலே கேட்டார்.

"அந்தப் பேர் எங்க போச்சு?"

"அங்கயேதான் இருக்கு சார். வெள்ளை எழுத்து, வெள்ளை மேல தெரியல. நான்தான் கவனிக்கல."

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "விட்டுருங்க."

"சார், அடுத்த வருசம் அவங்களுக்கு வயசு தாண்டிடும்."

"தெரியும். நான் என்ன செய்யட்டும்? நான் அதிகமாக் கேக்கலைன்னு அவர் சந்தோஷமா இருக்காரு. இப்பப் போய்த் திறந்தா, பன்னிரண்டுக்கு மேல கிடையாது, சர்வீஸ் படி எடுங்கன்னுதான் சொல்வாரு. சர்வீஸ் படி எடுத்தா அந்தம்மா மேல போயிருவாங்க. கடைசில நிக்கிறது யாரு?" இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் அம்சா."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் தொல்லை.

மறுநாள் வியாழன். ஆராயி துடைத்துக்கொண்டே மேஜைக்கடியில் வந்தாள். "இன்னா சொன்னாங்க? என் பேரைப் பாத்தாங்களா?"

"லிஸ்ட்டு போட்டுக் காட்டினாங்கக்கா. ஆர்டர் வந்தாத்தான் தெரியும்."

"வெள்ளையா இருந்துச்சே, பாக்காம போவாங்களா," என்றாள் ஆராயி. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு. அம்சா சமைத்தாள், துவைத்தாள், காயத்ரியின் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டாள். கூட்டத்தில் தன் பெயர் வந்துவிட்டது என்று மட்டும் காசிநாதனிடம் சொல்லியிருந்தாள். அவன் ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். "எங்க வூட்ல பர்மனென்ட் ஆயிட்டாங்கப்பா" என்று அவன் யாரிடமோ சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. நியாயம், தர்மம் என்றெல்லாம் அவள் பெரிதாக யோசிக்கவில்லை. ஆறு வருஷம் இத்தனை நிறம் மாற்றியும் அதனால் உலகத்தில் ஒரு துரும்பும் அசைந்ததில்லை. அசைந்த ஒரே தடவை இப்படியா ஆகவேண்டும் என்று ஆத்திரமாக இருந்தது. ஆராயி தினமும் மேஜைக்குக் கீழே வருவாள். தினமும் ஏதாவது ஒன்று சொல்லிச் சமாளிக்க வேண்டும். ஏழு மாதம் அப்படிச் சமாளிக்கத் தன்னிடம் தெம்பு இல்லை என்பதுதான் அவளுக்குக் கடைசியில் தெரிந்தது.

திங்கள்கிழமை பரணிதரன் செங்கல்பட்டுக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அம்சா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹரிகிருஷ்ணன் அறைக்குப் போனாள்.

"என்ன கம்ப்யூட்டர் அம்மா, எந்த ஸ்லைடு?" என்றார் அவர்.

"பேர் லிஸ்ட்டு சார். இதுல ஒரு பேரை நீங்க பாக்கல."

திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பன்னிரண்டு வரிகளுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் மவுசை அழுத்தி இழுத்தாள். கறுப்புப் பட்டை ஒன்று விழுந்தது, அதன்மேல் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. பதிமூன்று. ஆராயி. துப்புரவு. பதினாலு வருடம்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "இது எப்படி?"

"அன்னிக்கு அவசரத்துல கலர் மாத்தினப்ப மறைஞ்சிடுச்சு சார். தப்பு என்னோடது. இவங்களுக்குன்னு தனியாக் கேக்கறதா பரணி சார் இருந்தாரு. இந்த வருசம் விட்டா வயசு முடிஞ்சிடும்."

"பன்னிரண்டுக்கு மேல ஒண்ணுகூட முடியாதும்மா. ஏற்கெனவே மேல அனுப்பியாச்சு. மாத்தணும்னா பன்னிரண்டுக்குள்ளதான் மாத்தணும்."

"தெரியும் சார்."

அவர் விரலால் வருஷங்களின் வரிசையைத் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். பதிமூன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு, பத்து. கடைசிக் கறுப்பு வரியில் விரல் நின்றது.

"ஒன்பது வருஷம். இவங்க பேரைத்தான் நீக்கணும். யாரு இந்த அம்சா?"

அவள் அவருக்காக நீலத்தைப் பச்சையாக்கியிருக்கிறாள். பச்சையைச் சாம்பலாக்கியிருக்கிறாள். அவர் பெண் கல்யாணத்துக்கு அழைப்பிதழ்கூட டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"நான்தான் சார்," என்றாள்.

ஹரிகிருஷ்ணன் விரலை எடுத்துக்கொண்டார். "வீட்டுல கேட்டீங்களா?"

"கேக்கல சார்."

"யோசிச்சிட்டுதான் வந்தீங்களா?"

"நாலு நாளா வேற வேலையே இல்ல சார்."

"சரி. உங்களுக்கு அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றார். அவர் மனசார சொன்னதாகத்தான் இருந்தது. பாக்கலாம் என்ற வார்த்தைக்கு அந்தக் கட்டடத்தில் என்ன அர்த்தம் என்று அம்சாவுக்குத் தெரியும். லேப்டாப்பை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

பரணிதரன் மறுநாள் விஷயம் தெரிந்து அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. காசிநாதன் அதற்கு மேல். "உன்னை யாரு கேட்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். "யாரும் கேக்கல," என்றாள். இரண்டு நாள் சோற்றை அவனே போட்டுக்கொண்டு தட்டையும் அவனே கழுவி வைத்தான். ஸ்டாண்டில் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது என்பது அவன் கஷ்டம்.

ஆர்டர்கள் பத்தாம் நாள் வந்தன. அவற்றை டைப் அடித்ததும் அம்சாதான், கையெழுத்து வாங்கவேண்டியதும் அவள்தான். பதினோரு பேர் வந்து போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக ஆராயி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அம்சா ஆர்டரை அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டினாள். பிறகு மைப்பெட்டியைத் திறந்து, அவள் இடது பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி, காகிதத்தில் பதித்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி ரேகை தேய்ந்துபோயிருந்தது. இரண்டு தடவை வைக்கவேண்டி வந்தது.

"உன்னுது எங்க?" என்றாள் ஆராயி.

"எனக்கு இல்லக்கா."

"பன்னெண்டு பேர்ல உன் பேரும் கீதுன்னு திருவேங்கடம் சொன்னானே." திருவேங்கடம் வாசல் காவலாளி. அவனுக்குத் தெரியாதது கிடையாது.

"இருந்துச்சு. இப்ப இல்ல."

"யாரு எடுத்தா?"

"நான்தான் போயி சொன்னேன்."

ஆராயி காகிதத்தைப் பார்த்தாள், மைப்பெட்டியைப் பார்த்தாள், கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டாள். எழுத்துத் தெரியாதே தவிர, இந்த மாதிரிக் கணக்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினாலு வருஷத்தில் அந்த அறை நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா வேணான்னுடுவியோன்னுதான்."

ஆராயி மை பட்ட விரலைப் புடவையில் படாமல் விரித்து வைத்துக்கொண்டாள். உள் அறையில் பரணிதரன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தாலும் வேணான்னு சொல்லியிருக்க மாட்டேன் அம்சா," என்றாள். "என்னால முடியல."

"தெரியும்க்கா," என்றாள் அம்சா. விரலைத் துடைத்துக்கொள்ளத் துணியை எடுத்துக் கொடுத்தாள்.